சாவெர்னா என்ன? இந்தோனேசியா லைவ் வீடியோ பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

இந்தோனேசியாக்காரங்க லைவ் வீடியோ எதையாவது ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாருங்க. லைவ்ல இருக்கிறவர் பாடிட்டு இருப்பார், இல்ல கேம் ஆடிட்டு இருப்பார், இல்ல சும்மா தட்டுல சோறு போட்டு சாப்பிட்டுட்டு இருப்பார், ஆனா எதுவா இருந்தாலும் நடுநடுவுல அதை அப்படியே நிறுத்திட்டு யாரோ ஒருத்தர் பேரை வாசிச்சு நன்றி சொல்லுவார். திரும்ப ஆரம்பிப்பார், திரும்ப இன்னொரு பேரு, இன்னொரு நன்றி. புதுசா பாக்கிறவங்களுக்கு செம கடுப்பா இருக்கும், என்னடா இது பாட்டைப் பாட விட மாட்டேங்கிறாங்களேன்னு. ஆனா அங்க உக்காந்து பாக்கிறவங்களுக்கு இது இடைஞ்சலே இல்ல, அந்தப் பேரு வாசிக்கிறதும் நிகழ்ச்சியில சேர்ந்ததுதான்.

இதுக்கு அவங்க ஊர்ல சாவெர்னு பேரு. சுருக்கமா சொன்னா ஆடுறவங்க பாடுறவங்களுக்கு பாக்கிறவங்க கையில இருந்து நேரா காசு குடுக்கிற பழக்கம். இது டிக்டாக் வந்தப்புறம் வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லவே இல்ல. கிராமத்து கல்யாண வீட்டு முத்தத்துல இருந்து கிளம்பி சிடி, யூடியூப்னு ஒவ்வொரு வண்டியா மாறி மாறி ஏறி போன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. இந்த ஒரு பழக்கம் புரிஞ்சா அந்த ஊரு வீடியோவுல பாதி சண்டை, பாதி கூத்து தானா புரிஞ்சிடும், அதனாலதான் இங்கேருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல்ல மேடை. கிழக்கு ஜாவா பக்கம், சிடோஅர்ஜோ, பாசுருவான், கெதிரி மாதிரி ஊர்ல ஒரு கல்யாணம்னு வச்சுக்கோங்க. வீட்டு முன்னாடி ரோட்டை அடைச்சு பந்தல் போட்டு, ஒரு ஓரத்துல மேடை கட்டி, ஒரு ஓர்கெஸ் கூட்டிட்டு வருவாங்க. ஓர்கெஸ்னா நம்ம லைட் மியூசிக் பார்ட்டி மாதிரி ஒரு குழு, டாங்டுட்னு சொல்ற அந்த ஊரு ஜனரஞ்சக இசையை வாசிப்பாங்க. கீபோர்டு, கிட்டார், புல்லாங்குழல், நடுவுல கெண்டாங்னு சொல்ற தோல் மேளம் செட்டா வச்சு ஒருத்தர் உக்காந்திருப்பார், பாடகிகள் நாலஞ்சு பேர் ஓரமா நாற்காலில வரிசையா உக்காந்து தன்னோட முறைக்காக காத்துட்டு இருப்பாங்க. ஓர்கெஸுக்கு பேசின கூலி கல்யாண வீட்டுக்காரர் குடுத்துடுவார். கல்யாணத்துக்கு வந்தவங்க வைக்கிற மொய் கவரு வாசல்ல இருக்கிற பெட்டிக்குள்ள போயிடும், அது பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு. சாவெர் இது ரெண்டுலயும் சேராது. பாட்டு நடந்துட்டு இருக்கும்போதே கீழே ஆடிட்டு இருக்கிறவர் மேடை பக்கம் ஏறி வந்து பாடகி கையில நோட்டை வைப்பார் பாருங்க, அதுதான்.

அதைக் கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். குடுக்கிறவர் ஒரே நோட்டா குடுத்துட்டு போக மாட்டார். ஒரு லட்சம் ரூபியா நோட்டு சிவப்பு கலரு, நம்ம காசுக்கு ஏறக்குறைய 500 ரூபா வரும், அதை அப்படியே நீட்டினா ஒரு செகண்ட்ல கதை முடிஞ்சுது. அதனால முன்னாடியே அதை ரெண்டாயிரம் அஞ்சாயிரமா சில்லறை மாத்தி கட்டா வச்சுக்கிட்டு, பாட்டு தாளத்துக்கு ஆடிக்கிட்டே ஒவ்வொரு நோட்டா எடுத்து எடுத்து குடுப்பார். ஒரு கட்டு தீர்ற வரைக்கும் மேடையில அவருக்கு இடம் உண்டு, கேமரால முகம் உண்டு. பாடகி ஒரு கையில மைக், இன்னொரு கையில நோட்டை விசிறி மாதிரி பிடிச்சுக்கிட்டு, பாட்டு வரிக்கு நடுவுலயே அவர் பேரைச் சொருகி, இன்ன ஊரு பாஸ் இன்னாருக்கு நன்றின்னு பாடிடுவாங்க. பேரைச் சொருகினாலும் தாளம் தப்பக் கூடாது, அதுதான் தொழில் திறமை. எந்த பேரை எங்க சொருகணும்னு தெரியாத பாடகிக்கு எவ்வளவு நல்ல குரல் இருந்தாலும் மேடை கொஞ்சம் கஷ்டம்தான். சேர்ற காசை எப்படி பிரிக்கிறதுங்கிறது ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு கணக்கு, சில இடத்துல எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டு வாத்தியக்காரங்களோட சேர்ந்து பங்கு, சில இடத்துல பாடகிக்கே.

இதுல ஒரு அசிங்கமான பக்கமும் உண்டு. நோட்டை கையில குடுக்காம உடம்புல சொருகப் பாக்கிறது, குடுத்தேன்ல அப்ப பக்கத்துல வந்து ஆடுன்னு வம்பு பண்றது, ரெண்டு ஊரு பசங்க யாரு அதிகம் குடுத்தாங்கன்னு மேடை முன்னாடியே அடிச்சுக்கிறது எல்லாம் நடக்கும். காசு குடுத்தா என்ன கிடைக்கும், என்ன கிடைக்கக் கூடாதுங்கிற தகராறு சாவெர் கூடவே பொறந்தது, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேற வேஷத்துல வரும்.

டாங்டுட்டுக்கு முன்னாடியும் இது இருந்துச்சு. மேற்கு ஜாவால சுண்டா ஜனங்க கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை மேல மஞ்சள் அரிசி, சில்லறைக் காசு, மிட்டாய் எல்லாம் கலந்து தூவுவாங்க, பொடிசுங்க விழுந்து பொறுக்கும், அந்தச் சடங்குக்கும் இதே பேருதான். ஜாவால தாயுப்னு ஒரு பழைய ஆட்டம், ஆடுற பொண்ணுக்கு கூட ஆடுற ஆம்பளைங்க காசு குடுக்கிறது வழக்கம். டாங்டுட் மேடை இதையெல்லாம் அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு.

டாங்டுட் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா மிச்சம் விளங்காது. மலாய் பாட்டு, அரபு பாட்டு, இந்திப்படப் பாட்டு மூணும் கலந்து 1970கள்ல ஒரு முழு வடிவத்துக்கு வந்த இசை இது, தபலா மாதிரி அடிக்கிற மேளம்தான் முதுகெலும்பு. ரோமா இராமானு ஒருத்தர், சோனெத்தா குழுவை வச்சுக்கிட்டு எலெக்ட்ரிக் கிட்டார் சேர்த்து, மத போதனையும் சேர்த்து இதைப் பெரிய அரங்கத்துக்குக் கொண்டு போனார், அவரை டாங்டுட் ராஜான்னு கூப்பிடுவாங்க. படிச்ச நகரத்து ஆளுங்களுக்கு ரொம்ப நாள் இது கிராமத்துக்காரன் பாட்டு, லாரிக்காரன் பாட்டுன்னு ஒரு இளக்காரம் இருந்துச்சு. கிழக்கு ஜாவால 90களுக்கு அப்புறம் இதோட மேளத்தை முடுக்கி, வேகத்தைக் கூட்டி, எந்தப் பாட்டு கிடைச்சாலும் அந்தத் தாளத்துல போட்டு அடிக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு கோப்லோனு பேரு. ராக்கோ இங்கிலீஷ் பாப்போ ஜாவானிய சோகப் பாட்டோ எதுவா இருந்தாலும் கோப்லோ ஆக்கிடுவாங்க. பாட்டு எழுதினவன்கிட்ட கேக்காமலே பண்ணிட்டாங்கன்னு இதுல தனியா ஒரு சண்டை வருஷக்கணக்கா ஓடுது, அது வேற கதை.

சரி வீடியோவுக்கு வருவோம். இந்த மேடை முதல் முறையா வீடியோ ஆனது விசிடில. 2000 வாக்குல ஜாவால கல்யாண வீட்டு நிகழ்ச்சியை ஒரு கேமராக்காரர் படம் பிடிப்பார், அதை யாராவது காப்பி எடுத்து சந்தைல விப்பாங்க, அங்கேருந்து இன்னொருத்தர் காப்பி எடுப்பார், தீவு தீவா போய்ச் சேரும். அப்படி கிளம்பினவங்கதான் பாசுருவான் பக்கத்துல இருந்து வந்த பாடகி இனுல் தாரதிஸ்தா. இடுப்பை ட்ரில் மெஷின் சுத்துற மாதிரி சுத்தி ஆடுவாங்க, அந்த ஆட்டத்துக்கே துளை போடுற ஆட்டம்னு பேரு வந்துடுச்சு. டிவில வர்றதுக்கு முன்னாடியே, ஒரு கேசட் கம்பெனியும் விளம்பரம் பண்ணாமலே, திருட்டு விசிடி வழியாவே நாடு பூரா அவங்களைத் தெரிஞ்சுடுச்சு. 2003ல டிவில வந்ததும் வெடிச்சுது. உலமா சபைனு சொல்ற முஸ்லிம் மத அறிஞர்கள் சபை ஆளுங்க கண்டிச்சாங்க, ரோமா இராமா தன்னோட பாட்டை அவங்க பாடவே கூடாதுன்னுட்டார், இன்னொரு பக்கம் பெண்ணுரிமை பேசுறவங்களும் அறிவாளிங்களும் இனுல் பக்கம் நின்னாங்க. ஒரு ஆட்டக்காரியோட இடுப்பு பத்தி ஒரு நாடே மாசக்கணக்கா விவாதம் பண்ணிட்டு இருந்துச்சு.

இதுல காசு எங்க போச்சுன்னு பாருங்க. லட்சக்கணக்கா சுத்தின விசிடில பாடகிக்கு பைசா கிடையாது, காப்பி போட்டவனுக்கும் சந்தைல கடை போட்டவனுக்கும்தான். பாடகிக்கு கிடைச்சது பேரு. அந்தப் பேரை வச்சு அடுத்த மேடைக்கு அதிக கூலி கேக்கலாம், அதிக சாவெர் வரும், டிவி கூப்பிடும். அதாவது வீடியோங்கிறது அப்ப வருமானம் இல்ல, மேடைக்கு ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான்.

யூடியூப் வந்தப்பவும் கொஞ்ச நாள் இதே கதைதான். 2011 ஏப்ரல்ல கொரொந்தாலோனு சுலாவெசி தீவுல ஒரு ஊர்ல, நோர்மன் கமாருனு ஒரு போலீஸ்காரர் டியூட்டில உக்காந்துக்கிட்டு யூனிஃபார்மோட ஒரு இந்திப் பாட்டுக்கு வாயசைச்சு ஆடின வீடியோ நாடு பூரா பரவுச்சு. எந்தப் பாட்டு தெரியுமா, சைய்யா சைய்யா. நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் போட்டது, நம்ம ஊர்ல உயிரே படத்துல தைய்ய தைய்யானு கேட்டோமே அதேதான். ஒரு வாரத்துல அவர் எல்லா டிவிலயும் வந்துட்டார், பாட்டு ரெக்கார்டிங், நிகழ்ச்சின்னு ஓட ஆரம்பிச்சு வேலைக்கு ஒழுங்கா போகல, அதே வருஷம் டிசம்பர்ல போலீஸ் வேலையில இருந்து தூக்கிட்டாங்க. கொஞ்ச வருஷத்துல டிவிக்கும் அவர் பழசாயிட்டார், ஜகார்த்தால கஞ்சிக் கடை போட்டு உக்காந்தார். அந்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பாத்தாங்க, ஆனா பாத்தவங்க ரசிச்சு ஒரு ரூபியா குடுக்கணும்னு நினைச்சா குடுக்கிறதுக்கு வழியே இல்ல அப்ப. எனக்கு அந்தக் கதையில மனசுல நிக்கிறது இந்த ஒரு இடம்தான். மேடையில ஆடியிருந்தா அன்னிக்கு ராத்திரியே கை நிறைய நோட்டு வந்திருக்கும்.

கோப்லோ குழுக்கள் யூடியூபை வேற மாதிரி பிடிச்சாங்க. நியூ பல்லாபா, மொனாத்தா, செரா, லாகிஸ்தா மாதிரி குழுக்களோட மேடை நிகழ்ச்சிகளை விசிடி எடுத்த அதே மாதிரி ஆளுங்க யூடியூப்ல ஏத்த ஆரம்பிச்சாங்க. அந்த வீடியோக்கள்ல குழு பேரு, ரெக்கார்டிங் பண்ணவர் பேரு, சில சமயம் சவுண்டு சிஸ்டம்காரர் பேரு வரைக்கும் ஓரத்துல ஓடும், கூட்டத்துல ரசிகர் சங்கக் கொடிங்க ஆடும், பாட்டுக்குள்ள பேரு வாசிக்கிறது வெட்டாம அப்படியே இருக்கும். வெட்ட மாட்டாங்க, ஏன்னா குடுத்தவர் நாளைக்கு அந்த வீடியோவைத் தேடி வந்து தன் பேரு வருதான்னு பாப்பார், ஊர்ல நாலு பேருக்கு அனுப்புவார். செரா குழுவுல பாடின வியா வாலன், லாகிஸ்தாவுல பாடின நெல்லா காரிஸ்மா ரெண்டு பேரும் 2017 வாக்குல இப்படித்தான் பெரிய ஆளானாங்க. 2018 ஆகஸ்ட் 18 ஜகார்த்தால ஆசிய விளையாட்டுப் போட்டி தொடக்க விழால அதிகாரப்பூர்வ பாட்டைப் பாடினதே வியா வாலன்தான். இனுல் காலத்துல நாடு எதைப் பாத்து மூக்கைப் பொத்திக்கிச்சோ அதை 15 வருஷத்துல உலகத்துக்கு முன்னாடி நிறுத்துச்சு. 2022 சுதந்திர தினத்தன்னிக்கு ஜனாதிபதி மாளிகைலயே பன்யுவாங்கி ஊரு பொடியன் ஃபாரெல் பிரயோகா ஒரு ஜாவானிய காதல் சோகப் பாட்டைப் பாட, மந்திரிங்க எல்லாம் எழுந்து ஆடினதையும் யூடியூப்ல பாக்கலாம், செம காமெடியா இருக்கும்.

அப்புறம் கொரோனா. கல்யாண வீட்டுக் கச்சேரிக்கு எல்லாம் தடை. ஓர்கெஸ்காரங்களுக்கு கூலியும் போச்சு, சாவெரும் போச்சு. 2020 செப்டம்பர்ல தெகால் ஊர்ல நகர சபையோட துணைத் தலைவரே தடையை மீறி வீட்டுக் கல்யாணத்துக்கு டாங்டுட் கச்சேரி வச்சு, கூட்டம் அலைமோதி, அந்த ஏரியா போலீஸ் அதிகாரிக்கு பதவி போச்சு, இவருக்கு கோர்ட்ல 5 கோடி ரூபியா அபராதம் விழுந்துச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல ஜாவா ஜனங்களோட காதல் தோல்விப் பாடகர் திதி கெம்போட் வீட்ல இருந்தபடியே டிவி லைவ்ல பாடி, கொரோனா நிவாரணத்துக்கு 700 கோடி ரூபியாவுக்கு மேல திரட்டிக் குடுத்தார், அடுத்த மாசமே காலமாயிட்டார். மேடை பக்கத்துல போகாமலே ஒரு பாடகருக்காக காசு அனுப்பலாம்னு வயசானவங்களுக்குக் கூட பழகிப்போன காலம் அது.

பசங்களுக்கு அது முன்னாடியே பழகியிருந்துச்சு. கேம் ஆடி லைவ் போடுறவங்களுக்கு காசு அனுப்புறதுக்குன்னே ஒரு உள்ளூர் தளம் வந்துச்சு, பேரு சாவெரியா. பேரைப் பாத்தீங்களா, ஒளிச்சு மறைச்சு எல்லாம் வைக்கல. எப்படி வேலை செய்யுதுன்னா, லைவ் போடுறவர் தன்னோட லிங்கைக் குடுப்பார், நீங்க அதுல போய் தொகை போட்டு ஒரு மெசேஜ் டைப் பண்ணி, போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணிக் கட்டிடலாம். 2019ல அவங்க மத்திய வங்கி எல்லா ஆப்புக்கும் பொதுவா க்ரிஸ்னு ஒரே கியூஆர் முறை கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் பாங்க் கார்டு இல்லாத ஸ்கூல் பையன் கூட அனுப்பலாம். காசு போய் சேர்ந்த செகண்ட்ல லைவ் திரையில ஒரு சத்தத்தோட உங்க பேரும் தொகையும் வரும், நீங்க டைப் பண்ணதை ஒரு மெஷின் குரல் சத்தமா வாசிக்கும். பாடகி வேலையை மெஷின் பண்ணுது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா மெஷினுக்கு விவஸ்தை கிடையாதே, பசங்க வேணும்னே கெட்ட வார்த்தை, காக்கா கத்துற சத்தம், ஒரே எழுத்தை நூறு தடவைன்னு டைப் பண்ணி வாசிக்க வச்சு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. வின்டா பசுதாரானு பெரிய கேம் யூடியூபர் ஒருத்தர் இருக்கார், தன்னைப் பாக்கிற பொடிசுங்களை மரணக் குட்டிப்பசங்கன்னு செல்லமா திட்டுவார், அந்த மாதிரி லைவ்ல கேமை விட இந்த வம்புதான் சுவாரசியம்.

பெரிய தொகை குடுக்கிறவங்களுக்கு இணையத்துல சுல்தான்னு பட்டம். இங்கதான் ஒரு கதை சொல்லணும், சாவெர் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 2021ல ரேஸா ஆரப்னு பிரபலமான யூடியூபர் கேம் லைவ்ல இருந்தார். டோனி சல்மானன்னு பாண்டுங் ஊரைச் சேர்ந்த, கார் பைக்னு பகட்டா வீடியோ போடுற ஒரு இளவயசுப் பணக்காரர், அந்த லைவ்ல காசு அனுப்ப ஆரம்பிச்சு மொத்தம் 100 கோடி ரூபியா குடுத்தார். நம்ம காசுக்கு அப்ப ஏறக்குறைய 50 லட்சம். கேம் ஆடினதுக்கு! நாடே வாயைப் பொளந்துச்சு, அடுத்த நாள் குடுத்தவர் வாங்கினவரை விட பெரிய ஆளாயிட்டார். கல்யாண வீட்டு மேடையில சில்லறை நோட்டை ஒவ்வொண்ணா எடுத்து நீட்டினவருக்கு என்ன கிடைச்சுதோ அதேதான் இவருக்கும் கிடைச்சுது, அளவு மட்டும் நாடு அளவு. 2022 மார்ச்ல போலீஸ் அவரைப் பிடிச்சாங்க. விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம் மாதிரி காசு கட்டுற, பைனரி ஆப்ஷன்னு சொல்ற ஒரு தளத்துக்கு ஆள் பிடிச்சுக் குடுத்து, தன் மூலமா சேர்ந்தவங்க தோத்த காசுல பங்கு வாங்கினதா கேஸ். முதல் கோர்ட்ல 4 வருஷம், மேல்முறையீட்ல 8 வருஷம் ஆச்சு. அவர் கையால பரிசு வாங்கின பிரபலங்களை எல்லாம் போலீஸ் வரிசையா கூப்பிட்டு விசாரிச்சாங்க, ரேஸா ஆரப் 95 கோடி ரூபியாவைத் திருப்பிக் குடுத்துட்டார். கல்யாண வீட்ல பாடகி கையில விழுந்த நோட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்டது இல்ல, லைவ்ல விழுந்ததுக்கு மட்டும் தேதியோட, தொகையோட, வீடியோவோட சாட்சி இருந்துச்சு.

இப்ப டிக்டாக் லைவ். இங்க காசு நேரா போகாது, காயின் வாங்கி அதுல பரிசு வாங்கி அனுப்பணும், ஒரு ரோஜா 1 காயின், கர்ஜிச்சுக்கிட்டு வர்ற சிங்கம் 29,999 காயின். நடுவுல கம்பெனி ஒரு நல்ல பங்கை எடுத்துக்கும். ரோஜா வந்ததும் லைவ்ல இருக்கிறவங்க காக்னு கூப்பிட்டு நன்றி சொல்லுவாங்க, அண்ணா அக்கா ரெண்டுக்கும் அங்க அந்த ஒரே வார்த்தைதான். ரெண்டு பேர் திரையைப் பாதி பாதியா பிரிச்சுக்கிட்டு யாருக்கு அதிகம் பரிசு வருதுன்னு சில நிமிஷம் போட்டி வைப்பாங்க, தோத்தவங்க முகத்துல மாவைப் பூசிக்கணும், குட்டிக்கரணம் போடணும். ரெண்டு ஊரு பசங்க மேடை முன்னாடி மோதினாங்கன்னு சொன்னேன்ல, அதை ஆப்பே பட்டன் வச்சு ஏற்பாடு பண்ணிக் குடுக்குது.

ஆனா ஒரு ஆளு இங்க காணோம், அதைப் பெருசா யாரும் பேசுறதில்ல. கல்யாண வீட்டுக்காரர். மேடையில பாடகிக்கு கூலின்னு ஒண்ணு முன்னாடியே பேசியாச்சு, சாவெர் அதுக்கு மேல வர்றது, வரலன்னாலும் அன்னிக்கு ராத்திரி சோத்துக்குப் பிரச்சனை இல்ல. டிக்டாக்ல கூப்பிட்டு கூலி குடுக்க ஆள் கிடையாது, முழுசும் சாவெர்தான். மேலதிகமா வந்த காசு அப்படியே பொழப்பு ஆயிடுச்சு. அப்ப பாட்டு நல்லா இருக்கா ஆட்டம் நல்லா இருக்காங்கிறதை விட, விரலால தள்ளி அடுத்த வீடியோவுக்குப் போக விடாம ஆளை நிறுத்துறது எதுங்கிறதுதான் முக்கியம்.

அதோட கடைசி எல்லை 2023 ஜனவரில தெரிஞ்சுது. லொம்போக் தீவுல செதாங்கோர்னு ஒரு கிராமத்துல, வயசான பாட்டிமார் கலங்கின தண்ணிக் குளத்துல உக்காந்துக்கிட்டு பரிசு வர வர குளிர்ல நடுங்கிக்கிட்டே தலையில தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கிறாங்க, மணிக்கணக்கா, லைவ்ல. சேத்துக் குளியல்னு பேரு வந்துடுச்சு. சமூக நலத்துறை மந்திரி த்ரி ரிஸ்மஹாரினி அதே மாசம் சுற்றறிக்கை விட்டாங்க, முதியவங்க, குழந்தைங்க, ஊனமுற்றவங்களை வச்சு ஆன்லைன்ல பிச்சை எடுக்கிறதை உள்ளூர் நிர்வாகம் தடுக்கணும்னு. பத்திரிகைங்களும் ஆன்லைன் பிச்சைன்னுதான் எழுதினாங்க. நேர்ல போய் பேசினவங்ககிட்ட சம்பந்தப்பட்டவங்க சொன்னது வேற, யாரும் கட்டாயப்படுத்தல, வயல் வேலையை விட இதுல காசு வருதுன்னு. ரெண்டையும் முழுசா ஒத்துக்க எனக்கு மனசு வரல. அந்தப் பாட்டியை அங்க உக்கார வச்சது அவங்க பேராசை இல்ல, ஆனா பரிசு அனுப்பினவனும் அடுத்த வாளி தண்ணிக்காகத்தான் அனுப்பினான், அவங்க மேல பரிதாபப்பட்டு இல்ல. பிச்சைன்னு பேரு வச்சா பழி பாட்டி மேல போயிடுது, அனுப்பினவனும் பங்கு எடுத்த கம்பெனியும் ஜோரா தப்பிச்சுக்கிறாங்க.

விசித்திரம் என்னன்னா அதே ஜனவரில இன்னொரு வீடியோவும் பத்திக்கிட்டுது. பாந்தென் மாகாணத்துல பாண்டெக்லாங் பக்கம் ஒரு மத நிகழ்ச்சில ஒரு பெண் குர்ஆன் ஓதிட்டு இருக்காங்க, ரெண்டு ஆம்பளைங்க மேடை ஏறி டாங்டுட் பாடகிக்குப் பண்ற மாதிரியே அவங்க மேல நோட்டைத் தூவுறாங்க, ஒருத்தர் தலைத்துணியில சொருகவே சொருகிட்டார். ஓதினவங்க நடுவுல நிறுத்த முடியாம உக்காந்திருக்காங்க. உலமா சபைல இருந்து கண்டனம் வந்துச்சு, நாடு பூரா கொந்தளிச்சுது. தூவினவங்க கெட்ட எண்ணத்துல பண்ணியிருக்க மாட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன், மரியாதைன்னு நினைச்சே பண்ணியிருப்பாங்க. மேடையில குரல் கேட்டா கை தானா சட்டைப் பைக்குப் போற அளவுக்கு ஊறிப்போன பழக்கம்.

அரசாங்கத்துக்கு இதுல இருக்கிற பயம் வேற, காசு எங்கேருந்து எங்க போகுதுங்கிறது. சூதாட்டத் தளங்கள் லைவ் போடுறவங்களுக்கு சாவெர் அனுப்புற சாக்குல தன்னோட பேரைத் திரையில வர வைக்கிறது அங்க தெரிஞ்ச தந்திரம், மெஷின் குரல் விளம்பரத்தையும் அப்பாவியா வாசிச்சுடும். 2025 ஆகஸ்ட் கடைசில எம்பிக்களோட சலுகைகளை எதிர்த்துப் போராட்டம் வெடிச்சு, ஒரு பைக் டாக்ஸி ஓட்டுனவர் போலீஸ் வண்டி ஏறி செத்துப்போனதும் ஊர் ஊரா பரவினப்ப, ஜனங்க தெருவுல இருந்தே டிக்டாக் லைவ் போட்டாங்க, அதுக்கும் பரிசு வந்துச்சு. 30ஆம் தேதி டிக்டாக் தானாவே அங்க லைவ் வசதியை சில நாளைக்கு நிறுத்திடுச்சு, பாவம் அதுல துணிமணி வித்துப் பொழைக்கிற கடைக்காரங்களும் சேர்ந்து மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் டிஜிட்டல் அமைச்சகம் ஒரு கணக்கு கேட்டுச்சு. 25ல இருந்து 30ஆம் தேதி வரைக்கும் நடந்த லைவ் எத்தனை, அதுல எவ்வளவு பரிசு வந்துச்சு, அதோட மதிப்பு என்னன்னு. சூதாட்டத்தோட தொடர்புள்ள அக்கவுண்டுங்க அந்த லைவ்ல காசு பாத்துச்சுன்னு அவங்க சந்தேகம். டிக்டாக் முழுசா குடுக்கல, கம்பெனி விதிமுறை இடம் குடுக்கலன்னு சொல்லுச்சு. அக்டோபர் 3ஆம் தேதி டிக்டாக் அந்த நாட்டுல இயங்குறதுக்கான பதிவையே அமைச்சகம் நிறுத்தி வச்சுது, கணக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த நாளே தடையை எடுத்துட்டாங்க.